கேள்வி நேரம்: கிராம்ஃபோர்ட் கிராமமும் அதன் தண்ணீர்க் கணக்கும்

போன இதழில் பழைய பஞ்சாலைகள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "இங்கிலாந்தில் கிராம்ஃபோர்ட் என்ற கிராமத்தைப் பார்த்தால் போதும், மற்ற ஆலை ஊர்கள் எல்லாம் அதைப் பார்த்துக் கட்டியவைதான்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்கள் சரியாகப் போய்விட்டன. வேறு விஷயம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): இங்கிலாந்து பஞ்சாலை என்றாலே மான்செஸ்டர் என்றுதானே படித்திருக்கிறோம்? நீங்கள் சொல்லும் கிராம்ஃபோர்ட் எங்கே இருக்கிறது?

டெர்பிஷயர் மாவட்டத்தில், டெர்வெண்ட் ஆற்றங்கரையில். டெர்பி நகரத்துக்கு வடக்கே, இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் பாறைகள் நெருக்கும் ஒரு பள்ளத்தாக்கு. ஒரு சந்தைத் திடல், ஒரு விடுதி, ஒரு குளம், மேட்டில் ஏறும் சில தெருக்கள், ஆற்றோரம் ஒரு தேவாலயம். அவ்வளவுதான் ஊர். ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்பவர் 1771-ல் இங்கே கட்டத் தொடங்கிய ஆலைதான், தண்ணீர் விசையில் பருத்தி நூற்று லாபமும் பார்த்த முதல் ஆலை. மான்செஸ்டர் பஞ்சாலை நகரமானதெல்லாம் அதற்கு அப்புறம். அங்கே ஆலைகள் பெருகியது நீராவி வந்த பிறகுதான். அதற்கு முன்பு தண்ணீர் எங்கே விழுகிறதோ அங்கேதான் ஆலை, அதனால்தான் ஆரம்பகால ஆலைகள் எல்லாம் இப்படிக் குக்கிராமங்களில் ஒளிந்துகிடக்கின்றன. 2001-ல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும், டெர்பியிலிருந்து கிராம்ஃபோர்டுக்குச் சற்று மேலே வரை, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கேள்வி (ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்): ஆற்றங்கரை ஊர் என்கிறீர்கள். வரைபடத்தில் பார்த்தால் முதல் ஆலை ஆற்றை ஒட்டி இல்லையே, கொஞ்சம் தள்ளி இருக்கிறதே?

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன் ஐயா. கிராம்ஃபோர்டின் கதையே இதில்தான் இருக்கிறது.

ஆர்க்ரைட்டின் முதல் ஆலைச் சக்கரத்தை டெர்வெண்ட் ஆறு சுற்றவில்லை. டெர்வெண்ட் பெரிய ஆறு, வெள்ளம் வந்தால் அடங்காது, அதற்குக் குறுக்கே அணை கட்டுவது அன்றைக்கு அவர் கையில் இருந்த பணத்துக்கும் தைரியத்துக்கும் மீறிய வேலை. அவர் கண் வைத்தது இரண்டு சின்னத் தண்ணீர்கள் மேல். ஒன்று, மேட்டிலிருந்து இறங்கி வரும் பான்சல் ஓடை. இன்னொன்று, ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்த தண்ணீர். அந்த வட்டாரத்தில் ரோமானியர் காலத்திலிருந்தே ஈயம் தோண்டியிருக்கிறார்கள். ஆழம் போகப் போக சுரங்கத்தில் ஊற்று நிரம்பும்; இறைத்து மாளாது. அதனால் பள்ளத்தாக்கின் அடிவாரத்திலிருந்து மலைக்குள் லேசான சரிவில் ஒரு குகைவழி குடைந்து, தண்ணீரைத் தானாக வடிய விட்டார்கள். 'சஃப்' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். கிராம்ஃபோர்ட் சஃப் வந்து திறக்கும் இடம் ஊருக்குள்ளேயே.

இதில் என்ன விசேஷம் என்றால், பூமிக்கு அடியிலிருந்து வரும் தண்ணீர் கோடையிலும் குறையாது, குளிர்காலத்தில் உறையவும் உறையாது. பக்கத்து ஊரான மேட்லாக் பாத்தில் வெதுவெதுப்பான ஊற்றுகளே உண்டு, சுமார் 20 டிகிரி. மற்ற ஊர்களில் ஜனவரியில் சக்கரம் பனிக்கட்டி பிடித்து நிற்கும்போது கிராம்ஃபோர்டில் ஓடிக்கொண்டிருக்கும். சுரங்கக்காரனுக்குத் தொல்லையாக இருந்த கழிவுநீரை வைத்து ஒருவர் ஆலை நடத்தியிருக்கிறார்! ஊருக்குள் இருக்கும் அந்த அழகான குளம்கூட அழகுக்காக வெட்டியதில்லை, ஆலைக்குத் தண்ணீர் தேக்க வெட்டியது. ஆலைக்கு முன்னால் சாலையின் தலைக்கு மேலே குறுக்காகப் போகும் வார்ப்பிரும்புத் தொட்டிப்பாலம் ஒன்றும் இருக்கிறது, 1821-ல் போட்டது. சக்கரத்துக்குத் தண்ணீரைச் சாலையைத் தாண்டிக் கொண்டுபோன வழி அது.

கையில் காசு சேர்ந்த பிறகுதான் ஆர்க்ரைட் ஆற்றில் கை வைத்தார். 1783-ல் கட்டிய மேசன் ஆலை நேராக டெர்வெண்ட் கரையிலேயே நிற்கிறது. கீழே வளைந்த தடுப்பணை, மேலே சிவப்புச் செங்கல் முகப்பு. இரண்டு ஆலைகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மனுஷன் எப்படி வளர்ந்தார் என்பது சொல்லாமலே விளங்கும். முதல் ஆலை முரட்டுக் கல், சாலைப் பக்கம் கீழ் மாடிகளில் ஜன்னலே கிடையாது, கோட்டை மாதிரி. மேசன் ஆலையோ, "வந்து பாருங்கள்" என்று நிற்கிறது.

கேள்வி (வரலாற்று ஆர்வலர்): ஆர்க்ரைட் எதையும் கண்டுபிடிக்கவில்லை, அடுத்தவர் கண்டுபிடித்ததைத் திருடினார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஆர்க்ரைட் 1732-ல் பிரெஸ்டன் ஊரில் ஏழைக் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழில், அப்புறம் பொய்முடி வியாபாரம். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் கூந்தல் வாங்குவார், சாயம் ஏற்றிப் பொய்முடி செய்து விற்பார். அந்த அலைச்சலில்தான் ஜான் கே என்ற கடிகாரக்காரரைப் பிடித்தார். (தறிக்குப் பறக்கும் நாடா செய்த ஜான் கே வேறு ஆள், இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இந்தக் கே அதற்கு முன்பு தாமஸ் ஹைஸ் என்பவருக்கு ஒரு நூற்பு எந்திரத்தின் மாதிரி செய்து கொடுத்தவர். ஹைஸின் யோசனை கே வழியாக ஆர்க்ரைட்டிடம் வந்து சேர்ந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. ஆர்க்ரைட் 1769-ல் காப்புரிமை வாங்கினார், 1775-ல் பஞ்சு சிக்கெடுப்பது முதல் எல்லாவற்றையும் வளைத்துப்போட்டு இன்னொன்று வாங்கினார். மற்ற ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா, வழக்குக்கு மேல் வழக்கு. 1785-ல் ஹைஸ், கே, ஜென்னி என்ற நூற்பு எந்திரம் செய்த ஹார்கிரீவ்ஸின் விதவை எல்லோரும் கூண்டேறி அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள், காப்புரிமை ரத்தாகிவிட்டது.

ஆனால் ஒன்று. உருளைகளை வைத்து நூற்கும் யோசனை ஹைஸுக்கும் சொந்தமில்லை. லூயிஸ் பால் என்பவர் 1738-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், ஜான் வையட் அவருக்குக் கூட்டாளி. பர்மிங்காமில் கழுதைகளை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. முப்பது வருஷமாக எல்லோரும் தடுக்கி விழுந்த இடத்தில் ஆர்க்ரைட் விழவில்லை, அதுதான் வித்தியாசம். எந்திரத்தை ஓட்டிக் காட்டினார், அதற்கு முதல் போட நாட்டிங்காமின் சாமுவேல் நீடையும் டெர்பியின் ஜெடிடையா ஸ்ட்ரட்டையும் சேர்த்தார், குதிரையில் ஓட்டிப் பார்த்துக் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் தண்ணீருக்கு மாறினார். என்னைக் கேட்டால், அவர் உருப்படியாகச் செய்தது எந்திரம் இல்லை, ஆலை. அதாவது ஆள், நேரம், தண்ணீர், வீடு, சந்தை எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிய ஏற்பாடு. அதற்குக் காப்புரிமை கிடையாது, அதைத்தான் உலகமே எடுத்துக்கொண்டது. காப்புரிமை போன அடுத்த வருஷமே, 1786-ல், அரசர் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார். 1792-ல் செத்தபோது சொத்து ஐந்து லட்சம் பவுண்டு என்று பேசிக்கொண்டார்கள். பொய்முடிக்காரருக்குக் கெட்டதில்லை.

கேள்வி (நூற்பாலையில் 30 வருஷம் ஃபிட்டராக இருந்தவர்): 'வாட்டர் ஃபிரேம்' என்கிறார்களே, அது எங்கள் ரிங் ஃபிரேமுக்கு என்ன உறவு? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், தொழில் தெரிந்தவன்தான்.

உறவு என்றால் நேர் பாட்டன். (தொழில் தெரியாதவர்களுக்கு: வாட்டர் ஃபிரேம் என்பது ஆர்க்ரைட்டின் தண்ணீர் விசை நூற்பு எந்திரம், ரிங் ஃபிரேம் இன்றைய ஆலைகளின் நூற்பு எந்திரம்.) உங்கள் ரிங் ஃபிரேமின் மேல்பாதி இன்றைக்கும் வாட்டர் ஃபிரேம்தான்.

ஜோடி ஜோடியாக உருளைகள். முதல் ஜோடி மெதுவாகச் சுற்றும், அடுத்தது அதைவிட வேகம், அதற்கடுத்தது இன்னும் வேகம்; நடுவில் மாட்டிய திரி இழுபட்டு மெலியும். நீங்கள் டிராஃப்ட் என்று சொல்வது இதேதான். லூயிஸ் பால் காலத்து எந்திரங்கள் சொதப்பியதும், ஆர்க்ரைட்டின் எந்திரம் ஓடியதும் இரண்டு சின்ன விஷயங்களில். ஒன்று, உருளை ஜோடிகளுக்கு இடையே உள்ள தூரம். அது பஞ்சின் இழை நீளத்தைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒரே இழையை இரண்டு ஜோடியும் கடித்து அறுத்துவிடும்; கூடிப்போனால் இழைகள் பிடியில்லாமல் மிதந்து, நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து வரும். ரோலர் கேஜ் தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, எடை. கீழ் உருளையில் நீளவாக்கில் வரி வெட்டி, மேல் உருளைக்குத் தோல் சுற்றி, அதன்மேல் எடைக்கட்டி தொங்கவிட்டார். எடை போதாவிட்டால் முறுக்கு உருளைகளைத் தாண்டிப் பின்னால் ஏறி, இழுப்பு நின்றுவிடும். இன்று தோலுக்குப் பதில் ரப்பர், தொங்கும் எடைக்குப் பதில் அழுத்தும் கை. மற்றபடி அதேதான்.

கீழ்ப்பாதி மட்டும் வேறு. அவர் முறுக்கேற்றியது ஃபிளையர் என்ற சுழலும் கைகளை வைத்து, உங்கள் சிம்ப்ளக்ஸில் (நூற்புக்கு முன் திரி தயாரிக்கும் எந்திரம்) சுற்றுகிறதே அது மாதிரி. இன்று முறுக்கேற்றும் ரிங்கும் (வளையம்) அதன்மேல் ஓடும் டிராவலரும் (சின்னக் கொக்கி) 1820-களின் கடைசியில் அமெரிக்காவில் வந்தவை.

இப்படி வந்த நூல் முறுக்கான நூல், பாவுக்கு (தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல்) தாங்கும். அதுவரை இங்கிலாந்தில் பாவுக்கு லினன் நூல், ஊடைக்கு (குறுக்கே ஓடும் நூல்) மட்டும்தான் பருத்தி. முழுப் பருத்தித் துணிக்கு அவர்களிடம் பாவு நூல் இல்லை. இந்த எந்திரத்தோடு அந்தக் குறை தீர்ந்தது. இன்னொரு வேடிக்கை: 1771 டிசம்பரில் டெர்பி செய்தித்தாளில் கிராம்ஃபோர்ட் ஆலை கொடுத்த ஆள் தேவை விளம்பரத்தில் முதலில் கேட்டிருப்பது இரண்டு கடிகாரத் தொழிலாளிகளை, பல்சக்கர வேலை தெரிந்தவர்களாக. அடுத்து, இரும்பை அடிக்கவும் அரம் போடவும் தெரிந்த கொல்லர், மரம் கடைபவர்கள். கடைசியில்தான் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு, நல்ல கூலி என்று போட்டிருக்கிறது. ஃபிட்டரை முதலில் தேடிய முதலாளி!

கேள்வி (பள்ளி ஆசிரியை): அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது. சின்னப் பிள்ளைகளை வைத்துத்தானே இந்தப் பெருமையெல்லாம்?

ஆமாம் டீச்சர், மழுப்ப ஒன்றுமில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் வேலை பார்த்தார்கள். பகல் ஒரு ஷிப்ட், இரவு ஒரு ஷிப்ட், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 12 மணி நேரம். ஜான் பிங் என்ற பயணி 1790-ல் இங்கே தங்கியிருந்தபோது, மாலை 7 மணிக்கு ஆலையிலிருந்து இளசுகள் கூட்டமாக வெளியே வருவதையும், இரவு வேலைக்கு இன்னொரு கூட்டம் உள்ளே போவதையும் பார்த்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இருட்டில் விளக்கெரியும் ஆலை அவருக்குப் போர்க்கப்பல் மாதிரி அழகாகத் தெரிந்திருக்கிறது. டெர்பிக்காரரான ஜோசப் ரைட் என்ற ஓவியரும் அதே காட்சியை, நிலா வெளிச்சத்தில் வரிசை வரிசையாக மஞ்சள் ஜன்னல்களுடன், தீட்டியிருக்கிறார். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் அழகு அழகு என்பார்கள். நான் பார்க்கும்போதெல்லாம், அந்த ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் தூக்கம் சொக்கும் ஒரு பிள்ளை அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் முதலில் தோன்றுகிறது.

இதில் ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். மற்ற பல ஆலைகள் லண்டன் அனாதை விடுதிகளிலிருந்து பிள்ளைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து அடைத்தன. இதே டெர்பிஷயரில் லிட்டன் ஆலையில் ராபர்ட் பிளிங்கோ என்ற அனாதைச் சிறுவன் பட்ட அடிஉதைகள் பின்னால் அச்சில் வந்து நாட்டையே உலுக்கின. ஆர்க்ரைட் கிராம்ஃபோர்டில் அந்த வழிக்குப் போகவில்லை. குடும்பத்தோடு வரவழைத்தார், அதிலும் பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை. இரக்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வீடு கொடுத்தால் ஆறு கைகள் கிடைக்கும் கணக்கு அது.

அந்த வீடுகளை இன்றும் பார்க்கலாம். நார்த் ஸ்ட்ரீட், 1776 வாக்கில் கட்டியது, எதிரெதிராக இரண்டு வரிசை, மூன்று மாடிக் கல் வீடுகள். மேல்மாடியில் மட்டும் ஜன்னல்கள் நீளமாக, நெருக்கமாக இருக்கும், தறிக்கு வெளிச்சம் வேண்டுமே. மனைவியும் பிள்ளைகளும் ஆலையில் நூற்க, கணவன் மேல்மாடியில் நெய்வான். அல்லது ஈயச் சுரங்கத்துக்குப் போவான். அந்தக் காலத் தொழிலாளிக்கு அது நல்ல வீடுதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சந்தை நடந்த விதம் இன்னும் சுவாரஸ்யம். ஊர் புதுசு, இத்தனை பேருக்குச் சாப்பாட்டுச் சாமான் வர வேண்டும். ஆர்க்ரைட் ஒரு திட்டம் போட்டார்: வருஷம் முழுக்கச் சந்தைக்கு ஒழுங்காகச் சரக்குக் கொண்டுவரும் ரொட்டிக்காரர், கறிக்கடைக்காரர்களுக்கு வருஷக் கடைசியில் பரிசு. கட்டில், அலமாரி, கடிகாரம், நாற்காலி! பரிசுகள் விடுதிக்காரர் பொறுப்பில் இருந்ததை அதே பிங் எழுதிவைத்திருக்கிறார். ஆர்க்ரைட் கட்டிய கிரேஹவுண்ட் விடுதி சந்தைத் திடலில் இன்னும் நிற்கிறது.

சட்டம் வந்த கதை ஒரு வரியில்: 1802-ல் அனாதைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சட்டம், 1819-ல் பஞ்சாலைகளில் 9 வயதுக்குக் கீழே கூடாது என்று இன்னொன்று, ஆய்வாளர் என்று ஒருவரை நியமித்து நிஜமாகக் கண்காணித்தது 1833 சட்டத்துக்குப் பிறகுதான்.

கேள்வி (கைத்தறி வியாபாரி): பஞ்சு எங்கிருந்து வந்தது? இந்தியப் பஞ்சா?

ஆரம்பத்தில் இல்லை. மேற்கிந்தியத் தீவுகள், பிரேசில், துருக்கிப் பக்கத்துத் துறைமுகங்கள். 1790-களுக்குப் பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்கள். துருக்கியை விட்டுவிட்டால், அந்தப் பஞ்சில் பெரும்பகுதி ஆப்பிரிக்க அடிமைகள் பறித்தது. கிராம்ஃபோர்டின் தெளிந்த ஓடையைப் பற்றி எழுதுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவின் பங்கு வேறு வழியில் வருகிறது. நம் சோழமண்டலக் கரைச் சித்திரத் துணிகளுக்கு லண்டனில் அப்படி ஒரு மோகம். கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் வயிறு எரிந்து, 1700-ல் அச்சிட்ட இந்தியத் துணி இறக்குமதிக்கே தடை, 1721-ல் அச்சிட்ட பருத்தியை உடுத்தவே தடை என்று சட்டம் போட வைத்தார்கள். இந்தத் தடை ஆர்க்ரைட்டின் கழுத்தையும் பிடித்தது, ஏனென்றால் அவர் நூலில் நெய்த முழுப் பருத்தித் துணியும் அதே சட்டத்தில் மாட்டும். அவர் கூட்டாளிகளோடு நாடாளுமன்றத்தை நெருக்கி 1774-ல் விலக்கு வாங்கினார். நிபந்தனை என்ன தெரியுமா? இங்கிலாந்தில் நெய்த முழுப் பருத்தித் துணியின் கரையில் மூன்று நீல இழைகள் ஓட வேண்டும், இந்தியத் துணியிலிருந்து பிரித்துக் காட்ட. கரையைப் பார்த்துத் துணியை அடையாளம் சொல்வது உங்களுக்குப் புதுசில்லையே.

கேள்வி: உலகத்தின் முதல் தொழிற்சாலை கிராம்ஃபோர்ட்தானா? ஒரு வரியில் பதில் போதும்.

இல்லை, இதே டெர்வெண்ட் ஆற்றில், டெர்பி நகரில், லோம்ப் சகோதரர்களின் பட்டு ஆலை 1721-லேயே ஓடிவிட்டது. அதுவும் இத்தாலியிலிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவந்த நுட்பம் என்பார்கள்.

கேள்வி (சட்ட மாணவர்): ஆலை எப்படி மூடியது? மான்செஸ்டர் போட்டியாலா?

போட்டி ஒரு காரணம். ஆனால் கிராம்ஃபோர்டின் கழுத்தைத் திருகியது தண்ணீர், நீங்கள் சட்டம் படிப்பதால் இது உங்களுக்குப் பிடிக்கும்.

சுரங்கங்கள் இன்னும் ஆழம் போகவே, சுரங்கக்காரர்கள் இன்னும் தாழ்வான மட்டத்தில் மீர்புரூக் என்ற புதிய வடிகால் ஒன்றைக் குடைந்துகொண்டே போனார்கள். தண்ணீருக்குப் பள்ளம் தெரியாதா? மேலே கிராம்ஃபோர்ட் சஃபில் வந்ததெல்லாம் கீழே மீர்புரூக்கில் இறங்கத் தொடங்கியது. ஆலைச் சக்கரம் தள்ளாடியது. ஆர்க்ரைட்டின் மகன் (அவரும் ரிச்சர்ட் ஆர்க்ரைட்தான்) வழக்குப் போட்டார்: இத்தனை காலமாக அனுபவித்த தண்ணீர், அதில் எனக்குப் பாத்தியதை உண்டு என்று. 1839-ல் தீர்ப்பு, ஆர்க்ரைட் எதிர் ஜெல். நீதிமன்றம் சொன்னது: இது இயற்கை ஓடை இல்லை, சுரங்கக்காரன் தன் வசதிக்கு வெட்டிய வாய்க்கால், அவனுக்குத் தேவைப்படும் வரைதான் ஓடும் என்பது அதன் தன்மையிலேயே தெரிகிறது, பக்கத்தில் இருப்பவன் எத்தனை வருஷம் பயன்படுத்தினாலும், தொடர்ந்து விட்டுக்கொண்டே இரு என்று கேட்க உரிமை வராது. செயற்கை நீரோட்டங்கள் பற்றிய வழக்குகளில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவது வழக்கம். உங்கள் பாடத்தில் வசதியுரிமை (அடுத்தவர் சொத்தைப் பயன்படுத்தும் உரிமை) வரும்போது தேடிப் பாருங்கள்.

1840-களில் பழைய ஆலையில் நூற்பு ஓய்ந்தது. அதே தண்ணீர் போனதால் 1794-ல் திறந்த கிராம்ஃபோர்ட் கால்வாயும் வறண்டது. அதற்காக 1849-ல் லீவுட் என்ற இடத்தில் நீராவிப் பம்பு வைத்து ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய்க்கு ஏற்றினார்கள். அதுவும் சனிக்கிழமை இரவு 8 மணியிலிருந்து ஞாயிறு இரவு 8 மணி வரை மட்டும்தான் இறைக்கலாம், ஏனென்றால் மற்ற நாளில் கீழே உள்ள ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் வேண்டும். முறைப்பாசனம் எல்லா ஊரிலும் உண்டு!

மேசன் ஆலை ஆற்றுத் தண்ணீரில் ஓடியதால் தப்பித்தது, 1991 வரை அங்கே நூல் நூற்றார்கள். பழைய ஆலை அப்புறம் கைமாறிக் கைமாறி, கடைசியில் சாயப்பொடித் தொழிற்சாலையானது. ஆர்க்ரைட் சங்கம் என்ற அறக்கட்டளை 1979-ல் அதை வாங்கியபோது சுவரெல்லாம் ஈயச் சாயம் ஊறிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்தே வருஷங்கள் போயின. முதல் கட்டடம் தீ விபத்தில் மேல்மாடிகளைப் பறிகொடுத்துவிட்டது, அதனால் பழைய படங்களில் இருப்பதைவிடக் குட்டையாகத் தெரியும்.

கேள்வி (மகளைப் பார்க்க இங்கிலாந்து போகும் ஒரு தாய்): ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எதைப் பார்க்கலாம்? எனக்கு முழங்கால் வலி வேறு.

அம்மா, டெர்பியிலிருந்து மேட்லாக் போகும் சின்ன ரயில் கிராம்ஃபோர்டில் நிற்கும். இறங்கினால் ஆற்றுப்பாலம். நின்று பாருங்கள்: ஒரு பக்கம் வளைவுகள் கூர்முனை, மறுபக்கம் அரைவட்டம், ஏனென்றால் பழைய பாலத்தைப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் அகலப்படுத்தினார்கள். கைப்பிடிச் சுவரில் 1697 என்று ஒரு கல்வெட்டு இருக்கும். ஒரு குதிரை சவாரிக்காரரோடு சேர்ந்து சுவரைத் தாண்டி ஆற்றில் குதித்ததற்கு நினைவு. அடுத்து ஆர்க்ரைட்டைப் புதைத்திருக்கும் தேவாலயம், அப்புறம் ஆலை வளாகம். கால்வாய்க் கரைப் பாதை சமதளம், முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது. நார்த் ஸ்ட்ரீட் மட்டும் ஏற்றம். ஆனால் அதை விட்டுவிடாதீர்கள், ஆலையைவிட அதுதான் முக்கியம் என்பது என் கட்சி. அந்தத் தெருவை இடிபடாமல் காப்பாற்றிய லேண்ட்மார்க் டிரஸ்ட் ஒரு வீட்டை விருந்தினர்களுக்கு வாடகைக்கே விடுகிறது.

எந்திரம் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் செஷயரில் ஸ்டைல் கிராமத்துக்குப் போங்கள். பொலின் ஆற்றங்கரையில் சாமுவேல் கிரெக் 1784-ல் கட்டிய குவாரி பேங்க் ஆலை, நேஷனல் டிரஸ்ட் நடத்துகிறது, அனாதைப் பிள்ளைகள் தங்கிய விடுதியும் அப்படியே இருக்கிறது. கிரெக் குடும்பத்துக்கு டொமினிகா தீவில் அடிமைகள் வேலை செய்த தோட்டம் இருந்தது. யார்க்ஷயரின் சால்ட்டேர், டைட்டஸ் சால்ட் 1853-ல் அல்பாக்கா (தென் அமெரிக்க விலங்கு) கம்பளிக்காகத் திறந்தது, மிக நேர்த்தியான ஊர். எனக்கு அந்த நேர்த்தியே கொஞ்சம் மூச்சு முட்டும். ஊருக்குள் ஒரு சாராயக் கடைகூட அவர் விடவில்லை.

கேள்வி: ஜெர்மனியிலும் ஒரு கிராம்ஃபோர்ட் உண்டாமே?

உண்டு. டசல்டார்ஃபுக்குப் பக்கத்தில் ராட்டிங்கன் ஊரில் புரூகல்மன் என்ற வியாபாரி 1783 வாக்கில் ஆர்க்ரைட் எந்திரங்களை அப்படியே செய்து ஒரு ஆலை வைத்தார். இங்கிலாந்திலிருந்து எந்திரம் வெளியே போகக் கூடாது, தொழிலாளியும் போகக் கூடாது என்று அன்று சட்டம். ரகசியம் எப்படிப் போனது என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் ஆலைக்குக் கிராம்ஃபோர்ட் என்றே பெயரும் வைத்தார். அடுத்து 1789-ல் ஸ்ட்ரட்டின் ஆலையில் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், எந்திர நுட்பம் எல்லாம் மனப்பாடம். ராட்டிங்கன் ஆலை இப்போது அருங்காட்சியகம், அந்தப் பெயரிலேயே.